என் ஒயரில் வந்த உன் படம்

சேவி,

தோளில் சால்வை, கையில் பாதாம் பால், குவார்ட்டர்ஸ் பையன்கள் கிளப்பில் முன்வரிசையில் நடு நாற்காலி. இந்தக் கோலத்தில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, ஒரு திருட்டுப் படத்துக்கு அழுதவன் உன் அப்பன். அதுவும் சொந்த மகன் எடுத்த படத்தின் திருட்டுப் பிரதிக்கு. படம் ஓடும்போது திரையின் மூலையில் ஒரு வட்டமும் அதற்குள் இங்கிலீஷில் ஏதோ பேரும் விடாமல் தெரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த ஃபாதர், அது என்ன என்று கேட்டார். நான் ரொம்ப விவரமாக, "நம்ம சேவியோட கம்பெனி பேரு, ஃபாதர்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, உன் கதாநாயகன் கார்ஷெட்டில் ரயில் பெட்டியைக் கழுவிக்கொண்டே அம்மா செத்த சேதியைக் கேட்கிற இடத்தில், படத்துக்குக் குறுக்கே சூதாட்ட விளம்பரம் ஒன்று ஓடியது. கிரிக்கெட்டில் காசு கட்டச் சொல்லி ஒரு பெண் கண்ணடித்தாள். ஃபாதர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஸ்பான்சர்" என்றேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். டிஷ் ஆன்டெனா காலத்திலிருந்து கேபிள் தொழிலில் இருப்பவன், எந்தப் படம் எந்த வழியில் வருகிறது என்று வாசனையிலேயே தெரியவேண்டியவன், கிளப்புக்கு நீயே கொடுத்த பிரதி என்று நம்பி இப்படிச் சொன்னேன். அதோடு விட்டேனா? போனில் வீடியோ எடுத்து, அழுகிற பொம்மை நாலைந்து சேர்த்து, ஹைதராபாத்தில் இருக்கிற உனக்கே அனுப்பிவைத்தேன்.

நீ மறுநாள் காலையில் கூப்பிட்டாய்.

"நைனா, அது இன்னா காப்பி?"

"நம்ம படம்தான்டா. கிளப்புல போட்டாங்க. ஹால்ல நிக்க எடம் இல்ல."

"மூலையில இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சியா?"

"இங்கிலீஷ்ல கீதுடா."

"அது என் படத்தைத் திருடினவன் சேனல் பேரு. அவன் பேரைப் பாத்துதான் நீ அழுதுகினு இருந்தே."

அதற்குப் பிறகு நாம் போனில் பேசிய எல்லாப் பேச்சும் ரெண்டு நிமிஷத்தில் சண்டையாகி முடிந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, தப்பு இருந்தால் எடிட்டிங்கில் பார்த்துக்கொள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குள் இருப்பது வருத்தம் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். வருத்தம் இல்லை. பழி. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்தவுடன் பல் விளக்குமுன் ஞாபகத்துக்கு வருகிற பழி.

நீ அந்தப் படத்துக்காக வருஷக்கணக்காக அலைந்ததைப் பார்த்தவன் நான். அண்ணனூர் ஸ்டேஷன் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று, பெட்டி கழுவுகிறவர்கள் எந்தக் கையில் பிரஷ் பிடிக்கிறார்கள் என்று நீ எழுதிக்கொண்டு நின்றபோது, என் லைன்மேன்கள் உன்னை ரயில்வே வேலைக்கு முயற்சி செய்கிறவன் என்று நினைத்தார்கள். படம் வெளியான முதல் நாள் ஆவடி தியேட்டருக்கு நானும் அம்மாவும் போனோம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் படத்தைப் பார்க்கவில்லை. ஆள்களைப் பார்த்தேன். யார் சிரிக்கிறார்கள், யார் போனை எடுக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பின்னாலும் முன்னாலும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்துவிட்டது. புதுமாதிரி என்று சொல்லி எல்லாப் பேரையும் நீ கடைசியில் வைத்திருந்தாய். பேர் வருமுன்பே விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஜனம் எழுந்துவிட்டது. உன் அம்மா மட்டும், "உக்காருங்க, புள்ள பேரு இன்னும் வரல" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் உன் பேர் சாயம் போன சட்டை மாதிரி வெளிறித் தெரிந்து மேலே போனது. அதையாவது பார்த்தோம். மறுநாளே உன் படம் மெசேஜ் ஆப்பில் நடக்கிற அந்தத் திருட்டுச் சேனலில் வந்துவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் தியேட்டரில் வேறு படத்தின் பேனரைக் கட்டினார்கள். உன் தயாரிப்பாளர் போனை எடுப்பதை நிறுத்தினார். நீ ஹைதராபாத்தில் யாரோ எடுக்கிற சீரியலை வெட்டி ஒட்டுகிற வேலைக்குக் கிளம்பினாய்.

கிளம்புகிற காலையில் ஹார்டு டிஸ்கைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிவைத்துக்கொண்டே நீ சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

"உன் ஒயர்லதான் வந்துச்சு, நைனா. நம்ம ஏரியாவுல அத்தப் பாத்தவன் எல்லாம் உன் ஒயர்லதான் பாத்தான்."

"நான் ஒயரு இழுக்கிறவன்டா. உள்ள இன்னா போவுதுன்னு நான் இன்னாத்த கண்டேன்? குழாய் போட்டவன் தண்ணிக்கு ஜவாப்பா?"

"குழாயில சாக்கடை வந்தா யாராண்ட போயி கத்துவே? கொடம் வச்சிகினு நிக்கிற பொம்பளைகிட்டயா? தண்ணி உடறவன்கிட்டதான?"

"ரெண்டு பேரும் சாக்கடையை அப்பால பேசுங்க, இட்லி ஆறுது" என்று அம்மா தட்டை வைத்தாள். நீ சாப்பிடாமல் போனாய். நான் உன் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தபாலில் வந்தது. நாம் மொத்தமாக நெட் வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோமே, அந்தப் பெரிய கம்பெனியின் அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு உறை. உள்ளே உன் தயாரிப்பாளரின் வக்கீல் நோட்டீஸ். தயாரிப்பாளர் தரப்பு வேலைக்கு வைத்திருக்கிற திருட்டுப் படக் கண்காணிப்புக்காரர்கள், உன் படம் எந்தெந்த நெட் இணைப்பிலிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று துழாவியதில் ஒரு இணைப்பு கிடைத்ததாம். அது யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தால் என் பேர். என் மகன் படத்தைத் திருடி விநியோகம் செய்ததாக, என் மகன் படத்துக்காரர்களே எனக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள். உன் அம்மா அதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒரே ஊட்டுல வாதியும் பிரதிவாதியும். பஸ் செலவு மிச்சம்" என்றாள்.

என் பேரில் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். ஒரு தெருவில் நம்மைக் கம்பம் ஏற விடவேண்டும் என்றால், அந்தத் தெருவின் கிளப்புக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஒரு லைன் சும்மா கொடுப்போம். அதற்கு பில் கிளம்பாமல் இருக்க நம் பேரிலேயே போட்டுக்கொள்வோம். ஓசி லைன் என்போம். எந்த ஆபரேட்டரைக் கேட்டாலும் அவன் பேரில் பத்து இடத்தில் ஓசி லைன் ஓடும். நல்லெண்ணத்துக்குப் போடுகிற லைன். அதில் யார் என்ன செய்தாலும் செய்தவன் நான்தான் என்பது இத்தனை வருஷத்தில் எங்கள் ஒருவன் புத்தியிலும் உறைக்கவில்லை. உன் படம் போனது கிளப்பின் ஓசி லைனில்.

எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். ஏரியா மேனேஜர் உன் வயசுப் பையன். கழுத்தில் அடையாள அட்டை, குரலில் ஏசி.

"சார், இது உங்க பேர்ல இருக்கிற கனெக்சன்."

"அது ஓசி லைன் தம்பி. கிளப்புக்குக் குடுத்தது."

"ஓசின்னு எங்க சிஸ்டத்துல ஒரு கேட்டகிரி இல்ல சார். யூஸ் பண்ணவர் பேரைக் குடுங்க. இல்லேன்னா யூசர் நீங்கதான்."

"படம் எடுத்தது என் புள்ள."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இன்னும் ஈஸி சார். வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாமே" என்றான்.

"சரி, அந்தச் சேனலை நீங்க அடைக்கலாமே? அங்கேருந்துதான எல்லாரும் எடுக்கிறான்."

"நாங்க வெறும் பைப் சார். உள்ள என்ன போகுதுன்னு நாங்க பாக்கிறதில்ல. கோர்ட் ஆர்டர் இருந்தா சொல்லுங்க."

சேவி, நான் உன்னிடம் சொன்ன அதே பதில். குழாய். எனக்கே திருப்பி வந்தது. நான் சொன்னபோது எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும் என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. ஆனால் நான் சொன்னதற்கும் அவன் சொன்னதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே தெரியாது. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு லைன் போடப் போனால், சமையல்கட்டையும் படுக்கையையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நடக்க என் ஆள்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் விடுகிறார்களே, அதற்குச் செய்கிற மரியாதை அது. ஒயருக்குள்ளும் அதே மரியாதைதான், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இவனுக்குத் தெரியும். பெரிய கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாளில் எத்தனையோ திருட்டுச் சேனல்கள் டாஸ் போடுமுன் செத்துக்கிடக்கும். இதே கம்பெனியிலிருந்து எனக்கே மெசேஜ் வரும், இன்னின்னது அடைக்கப்பட்டுள்ளது, வாடிக்கையாளர் கேட்டால் இப்படிச் சொல்லவும் என்று. அங்கே கோர்ட்டு, ஆர்டர், ஆள்பலம் எல்லாம் தயாராக நிற்கிறது. அண்ணனூர்க்காரன் படத்துக்கு மட்டும் பைப்.

அந்தக் கோபத்தில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு நேராகக் கிளப்புக்குப் போனேன். படத்தை எடுத்துப் போட்டவன் அங்கேதான் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். அவன் பேரை நான் இங்கே எழுதமாட்டேன். இந்தக் கடிதம் யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். அவன் என்று மட்டும் வைத்துக்கொள்.

"வா நைனா, ஒரு போர்டு ஆடலாம்" என்றான். கிளப்புப் பையன்கள் எல்லாருக்கும் நான் நைனாதான்.

"சேவி படத்தை எங்கேருந்துடா எடுத்தே?"

"சேனல்ல போட்ட டாரண்ட் லிங்க்லேர்ந்துதான். எல்லாரும் அங்கதான எடுக்கிறான்."

"அவன் சோத்துல மண்ணு போட்டவன் சேனலுடா அது."

அவன் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தான். "நைனா, தியேட்டர்ல ஓடினப்ப நாங்க அத்த தொட்டமா? மொத நாளு மொத்தக் கிளப்பும் டிக்கெட் எடுத்தோம். கட்டவுட்டு வச்சோம், பாலு ஊத்தினோம். அந்தப் பாலு என் சட்டையிலதான் வழிஞ்சுச்சு. படத்தைத் தூக்கிட்டானுங்க. குவார்ட்டர்ஸு ஜனமெல்லாம் எப்ப பாக்கிறது, எங்க பாக்கிறதுன்னு கேட்டுகினே இருந்துச்சு. நான் இன்னா, துட்டுக்கா போட்டேன்?"

"எடுத்தியே, அப்பால அந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணியா?"

"அது எப்பவும் ஓடும் நைனா. உன் லைனுதான, பில்லா வரப்போவுது?"

சண்டை போடப் போனவனுக்குச் சிரிப்பு வருவதைப் போல அவமானம் வேறு இல்லை. எனக்கு வந்துவிட்டது. அந்த டாரண்ட் சாஃப்ட்வேர் ஒரு கையால் படத்தை வாங்கும்போதே மறு கையால் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தாவிட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். உனக்குக் கட்டவுட் வைத்தவன், வாரக்கணக்காக உன் படத்தை உலகத்துக்கே தானம் செய்துகொண்டிருந்திருக்கிறான், தனக்கே தெரியாமல், என் செலவில். நோட்டீஸ் வந்ததைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "என் பேரைக் குடுத்துரு நைனா. சேவிக்கு நான் பண்ணதுதான. இன்னா ஆவுமோ ஆவட்டும்" என்றான். சொன்ன சுருக்கில் போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினான். கைக்கு அகப்பட்ட மற்ற பிளக்கையும் பிடுங்கியதில் ஃபேன் நின்றுவிட்டது. இருட்டுகிறவரை புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போகும்போது கிளப்பின் லைனை வெட்டினேன். அது மட்டும் செய்தேன். அவனுக்குத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிற நேரம். போலீஸில் விசாரித்து எழுதி அனுப்புவார்கள். கேஸ் என்று ஒன்று பேரில் ஏறினால் அதோடு முடிந்தது. இதற்கு மேல் எழுதினால் யாரென்று தெரிந்துவிடும்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்து, கிளப்பில்தான், செய்தவனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். "பேரைச் சொல்லு" என்றாய். சொல்லவில்லை. "பேரை வக்கீலாண்ட குடுக்கிற வரைக்கும் நான் ஊட்டுக்கு வரமாட்டேன். கிறிஸ்மஸுக்கும் வரமாட்டேன்" என்று வைத்துவிட்டாய். உன் அம்மா அதிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். குழம்பில் உப்பு இல்லை என்றால், "பேரைச் சொல்லுங்க, போடறேன்" என்கிறாள்.

சேவி, பழி வாங்காதே என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிற அப்பன்களை எனக்குப் பிடிக்காது. வாங்கு. ஆனால் விலாசம் பார்த்து வாங்கு. லைன்காரன் மகன் நீ. எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்க்காமல் வெட்டினால், நாம் நினைத்தவன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்துவாள். கோபத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒயர் எப்போதுமே கிட்டே தொங்குகிற ஒயர்தான். கிளப் கிட்டே தொங்குகிறது. அந்தச் சேனல் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் எல்லாரும் கிளப்பை வெட்டுகிறார்கள்.

எனக்கும் விலாசம் தவறியிருக்கிறது, மறைக்கவில்லை. அந்த ஏரியா மேனேஜர் பாரிவாக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கிறான். அந்தக் கட்டிடம் என் எல்லைக்குள் வருகிறது. போன மாதம் பெரிய மேட்ச் அன்றைக்கு, இரண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, அவன் வீட்டு லைன் போய்விட்டது. அவனே கூப்பிட்டான். "மழையில ஃபைபர் கட்டாயிடுச்சு சார், ஆள் போய்க்கினே கீறான்" என்றேன். "மழையே இல்லையே" என்றான். "நாங்க வெறும் பைப் சார், மழையைப் பத்தி எங்களுக்குத் தெரியாது" என்றேன். மேட்ச் முடிந்த பிறகு லைன் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் இந்த வருஷத்தில் வரவில்லை. ஆனால் மறுநாள் அந்தக் கட்டிடத்துக்கு வேறு வேலையாகப் போனபோது, அவன் மாமனார் லிப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காத மனுஷன், மேட்ச்தான் அவருக்குத் துணை. "நேத்து நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்பது போலவே பார்த்தார். அதைத்தான் விலாசம் என்கிறேன்.

பிறகு சரியான விலாசத்துக்குப் போனேன். அந்தச் சேனலைத் தன் வீட்டில் குடிவைத்திருக்கிற மெசேஜ் கம்பெனிக்குப் புகார் போட்டேன். இங்கிலீஷுக்கு லைன்மேன் குமாரின் மகளைப் பிடித்தேன். படம் யாருடையது, எங்கே கிடக்கிறது, எந்த நொடியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்பது வரை எழுதினோம். பரிசீலித்தோம், எங்கள் விதிமுறைக்கு மாறாக எதுவும் இல்லை என்று பதில் வந்தது. எழுதி முடித்த பெண் போனைக் கீழே வைக்கக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. மனுஷன் படித்திருக்க வழியே இல்லை. மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை சேனலை மூடினார்கள். அன்றைக்கே பழைய பேருக்குப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டு அதே சேனல் திறந்தது. அதே ஜனம், அதே வட்டம், கண்ணடிக்கிற அதே பெண். மறுபடியும் எழுதினேன். ஒவ்வொரு பதிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதில் வருகிறபோதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவர்கள் சவப்பெட்டிக்கு இன்னும் ஒரு ஆணி.

அந்த ஆணிகளை எடுத்துக்கொண்டு குமணன்சாவடியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குடை இருக்கிறதாம். நம் ஒயரில் நமக்குத் தெரியாமல் எவனோ எதையோ செய்தால் அது நம் தலையில் விழாமல் காக்கிற குடை. முறையாகத் தெரியப்படுத்திய பிறகும் கைகட்டி உட்கார்ந்தால் குடை பறந்துவிடும் என்று வாதாட இடம் இருக்கிறதாம். எதுவரை இழுக்கலாம் என்பது ஜட்ஜ் கையில் என்றார். எனக்கு அது போதும். ஒயர் வைத்திருக்கிறவன் எல்லாரும் திருட்டுக்குப் பொறுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு சட்டம் போட்டால், அதில் முதலில் மாட்டுகிறவன் பெரிய கம்பெனி இல்லை. வக்கீல் வைக்க வழியில்லாத என்னைப் போல ஒருவன். அவன் பயத்தில் ஒவ்வொரு வீட்டு ஒயரிலும் காதை வைத்துக் கேட்க ஆரம்பிப்பான். யார் மேலேயோ சந்தேகம் என்றால் கேள்வி கேட்காமல் வெட்டுவான். சுவரைப் பார்த்து நடந்த ஆள்கள் சமையல்கட்டைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அது வேண்டாம். ஆனால் சொன்ன பிறகும் கேட்காதவனை, கேட்காமல் இருந்தே அதில் சம்பாதிக்கிறவனை, மேட்ச் என்றால் மட்டும் கண் தெரிகிறவனை விடக்கூடாது. குழாய்க்காரனை விடலாம். சாக்கடை என்று கதவைத் தட்டிச் சொன்ன பிறகும் அதையே பாட்டிலில் அடைத்து விற்கிறவனை விடக்கூடாது. நீ அன்றைக்கு இட்லித் தட்டுக்கு முன்னால் சொன்னதில் பாதி சரி. பாதியை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆனது.

அதனால் நோட்டீஸுக்குப் பதில் கொடுத்துவிட்டேன். லைன் என் பேரில் இருக்கிறது, அதில் நடந்ததற்கு நான் பொறுப்பு, வேறு யார் பேரையும் கேட்கவேண்டாம், கேஸ் போடுங்கள், என்னை எதிரியாகச் சேருங்கள் என்று. வக்கீலம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"அண்ணே, தன் மேல கேஸ் போடச் சொல்லி யாராவது கேப்பாங்களா?"

"உள்ள போனாதாம்மா பக்கத்துல யார் நிக்கணும்னு கைகாட்ட முடியும்."

"உங்க லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம்."

"வரட்டும். நான் கூண்டுல நின்னா, அந்த மேனேஜரோட கம்பெனியும் அந்த மெசேஜ் கம்பெனியும் என் ரெண்டு பக்கமும் நிக்கணும். அவனுங்க எழுதின பதிலை அவனுங்க காதுல படிக்கணும். அப்பால ஜட்ஜு இன்னா வேணா சொல்லட்டும்."

அவர் பேனாவை மறுபடியும் திறந்துகொண்டு, "சரிண்ணே, நல்ல சட்டையா ஒண்ணு தைச்சு வைங்க" என்றார். தைக்கக் கொடுத்துவிட்டேன். வெள்ளையில் மெல்லிய கோடு. டெய்லர், விசேஷமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். நான் வாழ்க்கையில் எதையும் இப்படிக் காத்திருந்து அனுபவித்ததில்லை, சேவி. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஆசையாகச் சட்டை தைக்கவில்லை. அதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உனக்குச் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். அங்கே இன்னொருவர் சீரியலை வெட்டுகிறபோது உன் கோபத்தை அதில் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு. அடுத்த படம் எடு. அது வெளியாகிற அன்றைக்கு இதே சேனல் திரும்பவும் வாயைத் திறந்தால், அதன் பல்லில் ஒன்றையாவது உன் அப்பன் ஆட்டிவைத்திருப்பான். கிறிஸ்மஸுக்கு வந்தால் வா. வராவிட்டால் கேக்கை அம்மா உன் பங்கு என்று எடுத்துவைப்பாள், நான் தின்றுவிடுவேன். பேரை மட்டும் என்னிடம் கேட்காதே. ஏன் கேட்கக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் பாக்கி இருக்கிறது.

அந்த வீடியோ அனுப்பிய மறுநாள், கோபத்துக்கு நடுவில், நீ ஒன்று கேட்டாய். "படம் முடிஞ்சதும் இன்னா பண்ணாங்க?" "இன்னா பண்ணுவாங்க, கெளம்பி அவங்கவங்க ஊட்டுக்குப் போனாங்க" என்றேன். அது பொய். உன் படத்தின் கடைசி ரயில் ஷெட்டை விட்டு வெளியே போனதும், அந்தத் திருட்டுப் பிரதி அப்படியே நின்றுவிட்டது. நீ கடைசியில் வைத்த பேர்கள் ஒன்றுகூட வரவில்லை. வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். படத்தைத் திருடினதைக்கூட நான் ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். பேரை வெட்டினதை மறக்கமாட்டேன். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, கரண்டு போய்விட்டதோ என்று பார்த்தேன். ஜனம் எழுந்தது. அப்போது அவன் ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்றான். "உக்காருங்க, உக்காருங்க, பேரு கீது" என்று கத்தினான். புரொஜக்டர் வெளிச்சம் அவன் மேல் விழுந்து, கண்ணடிக்கிற பெண் அவன் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் நாள் தியேட்டரில் படித்து மனப்பாடம் செய்திருக்கிறான் போல. கேமரா இன்னார், சவுண்டு இன்னார், வண்டி ஓட்டினவர் இன்னார், சாப்பாடு போட்டவர் இன்னார் என்று ஒவ்வொரு பேராகச் சத்தமாகச் சொன்னான். ஒருவரும் நகரவில்லை. கடைசியில், "எழுத்து, டைரக்சன், நம்ம சேவி, கேபிள்காரர் புள்ள" என்றான். ஹால் எழுந்து நின்று தட்டியது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவடி தியேட்டரில் வெளிறிப்போன பேர், கிளப்பில் முழுசாகக் கேட்டது. உன் பேரை வெட்டினவனை நான் விடமாட்டேன். உன் பேரைச் சொன்னவன் பேரை நான் சொல்லமாட்டேன்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அதற்கு அடுத்ததையும் சொல்லவேண்டி வந்திருக்கும். அது திருட்டுப் படம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தாலும், அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கமாட்டேன், சேவி.